அணைக்காத விளக்கும் அனபச் செடியும்

1

ஊரிலிருந்து மூன்று பேர் போன் செய்து என் மனைவியைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். கலா மட்டும் தனியாக வந்து இறங்கியிருக்கிறாளே, ஏன்? ஒருவருக்குக் கிடைத்த தகவல், எனக்கும் அவளுக்கும் சண்டை. இன்னொருவருக்கு, என் வேலை போய்விட்டது. மூன்றாவது ஆள், ஆந்திர எல்லையில் எங்கள் நகரி ரயில்வே ஸ்டேஷன் எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன். அவன் நேராகவே கேட்டான்: "டேய் சீனு, உன்ன போலீஸ் புடிச்சுகினு போய்ட்டாங்கன்றாங்க. நீ எங்கேர்ந்துடா பேசற?"

வீட்டிலிருந்துதான் பேசினேன். வீட்டிலிருந்துதான் இதையும் எழுதுகிறேன். போலீஸ் வந்தது உண்மை. வந்தவர் ஒரே ஒரு பெண்மணி, எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். அவர் பார்க்க வந்தது நான் செய்த ஒரு விளக்கை. கலா ஊருக்கு வந்ததற்கும் அந்த விளக்குக்கும் சம்பந்தம் உண்டு. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பின்லாந்துக்கு வந்து இந்தக் குளிர்காலத்தோடு மூன்று வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தபோது, சத்தியவேடு பக்கம் வெளிநாட்டு ஆலைகள் வந்திருந்தன. என் நைனா, அதாவது அப்பா, கடலை பிடுங்கக் கூலிக்குப் போன திக்கில் நான் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போனேன். போனுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தகடுகளைச் சோதிக்கும் வேலை. அதே வேலைதான் இங்கேயும். ஆலை வேறு, குளிர் வேறு.

2

கலா நகரிக்குப் பக்கத்துக் கிராமம். பயிர் வைக்கிற குடும்பம். புத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி, விசா வந்து, இங்கே வந்து சேர்ந்தது ஒரு ஜனவரியில். நாங்கள் இருக்கும் ஊர் வடக்கே. அந்த மாதத்தில் சூரியன் பத்து மணிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் போய்விடும்.

முதல் வாரம் கடைக்குப் போனோம். மணி மூன்று. பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண்ணுக்கு, புதிதாகக் கற்றுக்கொண்ட "மாலை வணக்கம்" சொன்னாள் கலா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இது இன்னும் பகல்தான்" என்றாள். வெளியே வந்ததும் கலா வானத்தைக் காட்டி, "இதுதான் பகல்னா இங்க ராத்திரிக்கு இன்னா பேரு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மொழி வகுப்புக்குப் பதிவு செய்தோம். அலுவலகத்தில் எண் எடுத்து, உட்கார்ந்து, எண் வந்ததும் போய் நின்றால், "இடம் வந்ததும் கடிதம் வரும்" என்றார்கள். இரண்டு முறை போனோம், இரண்டு முறையும் அதே பதில். யாரும் கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல் ஆபீஸில் "ரேப்பு ரண்டி" என்பார்களே, நாளைக்கு வாருங்கள் என்று, அதில் நாளை என்று ஒரு நாளாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

நான் காலையில் இருட்டில் போய் இருட்டில் திரும்புவேன். அவள் பகல் முழுக்க அந்த அடுக்குமாடி வீட்டுக்குள் தனியாக இருப்பாள். கோடை வந்தபோது கொஞ்சம் தெளிந்தாள். ஆகஸ்டில் வெளிச்சம் மறுபடி குறையத் தொடங்கியது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"மாமா, இன்னொரு தபா அந்த இருட்ட என்னால பாக்க முடியாது. சங்கராந்திக்கு டிக்கெட்டு போடு. போறதுக்கு மட்டும்."

"திரும்பி வர்றதுக்கு?"

"அத்த அப்புறம் பாக்கலாம்."

சண்டை போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

3

அன்று தட்டில் இருந்தது அனபக் கொட்டைக் குழம்பு. தமிழ்நாட்டுப் பக்கம் மொச்சை என்பார்களே, அதன் தம்பி. சித்தூர் ஜில்லாவில் குளிர்காலம் வந்தால் தெருவெல்லாம் அனபகாய் மணக்கும். பச்சைக் கொட்டையை ஊறவைத்து, விரலால் பிதுக்கி, தோலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் குழம்பு வைப்பது பிதுக்கம்பருப்பு. சங்கராந்தி சமயத்தில் அது கொதிக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. கலாவின் அம்மா சமையலுக்கென்று காய்ந்த கொட்டை கட்டிக் கொடுத்திருந்தார். காய்ந்ததை ஊறவைத்தும் பிதுக்கலாம். ருசி வராது.

"இத்த போயி பிதுக்கம்பருப்புன்னு துன்றோம் பாரு" என்றாள் கலா.

"வெதச்சா வரும் இல்ல?" என்றேன்.

"எங்க வெதப்ப? ஃபிரிட்ஜு மேலயா?"

"நான் லைட்டு செய்யறேன். வீட்டுக்குள்ளயே வளரும்."

"சரி. குழம்பு வெக்கிற அளவுக்குக் காச்சா நான் இங்கியே கீறேன். காக்கலன்னா டிக்கெட்டு. பந்தயம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கலா விளையாட்டாகச் சொல்லி விளையாட்டாகவே விட்ட எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கடையில் விற்கும் செடி விளக்கு நம் கைக்கு எட்டாது. மூன்று வாட் எல்.இ.டி.க்களைத் தபாலில் வரவழைத்தேன். ஒவ்வொன்றும் பருப்பளவு, நட்சத்திர வடிவத் தகட்டில் ஒட்டி வரும். செடி உணவு செய்வதற்குச் சிவப்பும் நீலமும்தான் முக்கியம் என்று படித்திருந்ததால், சிவப்பு நிறைய, நீலம் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஈயத்தால் பற்றவைத்து ஒரே சரமாக்கினேன். மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் டிரைவர் பெட்டியை மட்டும், மூடி சீல் வைத்ததாக, கடையில் வாங்கினேன். வீட்டு மின்சாரத்தில் விளையாடக் கூடாது.

எல்.இ.டி. சுடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒளி முன்னால் வரும், சூடு முதுகில் சேரும். மெல்லிய தகரத்தில் திருகிவைத்து முதல்நாள் எரியவிட்டேன், இரண்டு கருகிவிட்டன. சரத்தில் ஒன்று போனால் எல்லாம் போகும். அப்புறம் கட்டிடத்துக் கழிவு அறையில் யாரோ போட்டிருந்த அலமாரியிலிருந்து தடித்த அலுமினியச் சட்டத்தைக் கழற்றி எடுத்தேன். சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி ஒவ்வொன்றாகத் திருகினேன். பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியை முதுகில் வைத்தேன். அலமாரியின் மிச்சத்தை ஜன்னலோரம் நிறுத்தி, சட்டத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டேன். செடி வளர வளர உயர்த்தலாம்.

சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க ரோஜா நிறம். கலா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜாத்திரைல ரெகார்ட் டான்ஸ் மேடை மாதிரியே கீது. செடி எப்போ ஆடும்?"

4

நான்கு தொட்டியில் விதைத்தோம். நான்கும் முளைத்தன. அலமாரியின் காலைப் பிடித்து ஏறி, சங்கிலியைச் சுற்றி, ஜன்னல் திரைக் கம்பிவரை கொடி போனது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தினமும் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் செடியைத்தான் பார்ப்பேன்.

விளக்கை நான் அணைக்கவே இல்லை. பகலும் ராத்திரியும் எரிந்தது. இதை இங்கே ஒரு ஆளிடம் சொன்னால் ஏன் என்று கேட்பான். எங்கள் ஊர் ஆளுக்குச் சொல்லவே வேண்டாம்.

என் நைனாவுக்கு வயது பாதி போன பிறகுதான் சர்க்காரில் பட்டா நிலம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு போர் போட்டு, மோட்டார் இறக்கி, லைன் வந்தது. விவசாயத்துக்கான மூணு பேஸ் கரண்ட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிகாலையில் வரும், மதியம் வரும், எல்லாரும் தூங்கும்போது வரும். அதற்காகத்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர். சுவிட்சு எப்போதும் போட்டபடியே இருக்கும். கரண்ட்டு வந்த நொடியில் மோட்டார் தானாக ஓடும். எங்கள் மோட்டார் கொட்டாயில் அந்த சுவிட்சை அணைக்க யாருக்கும் கை வராது. ஒருமுறை நான் சின்ன வயதில் தெரியாமல் அணைத்துவிட, கரண்ட்டு வந்து போய்விட்டது, வயல் காய்ந்தது. நைனா அடிக்கவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

அப்படி வளர்ந்தவன் நான். தடையில்லாமல் கரண்ட்டு வருகிற ஒரு தேசத்தில், செடிக்கு மேலே எரிகிற விளக்கை எப்படி அணைப்பேன்? எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் அவ்வளவும் லாபம் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் முடிந்தது. கொடி ஜன்னலை மறைத்துவிட்டது. பூ ஒன்றுகூட இல்லை, மொட்டுகூட இல்லை. உரம் மாற்றினேன், தொட்டி மாற்றினேன். கலா எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றுவாள். ஒருநாள் போனில் அவள் அம்மாவிடம், "சங்கராந்திக்கு வந்துடுவேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

நைனாவிடம் போனில் கேட்டேன்.

"இல எப்படி கீது?" என்றார்.

"இல நல்லாகீது நைனா. பூதான் வெக்கல."

"இல அவ்ளோ நல்லாகீதுன்னா அதான். எவன் கண்ணோ பட்டுப் போச்சுடா. ஒரு பூசணிக்கா வாங்கி ஒட."

"எங்க ஒடைக்கறது நைனா? லிஃப்ட்டு முன்னாடியா?"

"ஏன், அந்த ஊர்ல பூசணிக்கா கெடைக்காதா?" என்றார், சந்தேகத்தோடு.

5

நவம்பரில் ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் யூக்கா நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் சீருடையில் அந்தப் பெண்மணி. எதிர்க் கட்டிடத்தில் யாரோ புகார் செய்திருக்கிறார்கள்: இந்த வீட்டு ஜன்னலில் இரவும் பகலும் ரோஜா நிற வெளிச்சம், உள்ளே அடர்த்தியாக ஏதோ செடி.

உள்ளே வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத்தான் வந்தார். செடியின் முன்னால் நின்றார்.

"இது என்ன செடி?"

"பீன்ஸ்."

"பீன்ஸுக்காகவா இவ்வளவும்?"

வேலை, விசா, நைனா எல்லாம் வரிசையாக என் மனதில் வந்து போயின. கலா என் பின்னாலிருந்து, "இன்னா கேக்கறாங்க?" என்றாள்.

"நாம வீட்ல கஞ்சா வளக்கறோமான்னு..."

கலா வாய்விட்டுச் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். நேரே போய், இரவுக் குழம்புக்காக ஊறவைத்திருந்த அனபக் கொட்டையைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். ஒன்றை எடுத்துப் பிதுக்கினாள். வெள்ளைப் பருப்பு குதித்து போலீஸ் அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் தானும் ஒன்றை எடுத்துப் பிதுக்கினார். அது பறந்து யூக்காவின் கோட்டில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு டீ போடாமல் எப்படி அனுப்புவது?

குற்றம் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்மணி போய்விட்டார். யூக்கா மட்டும் வாசலில் நின்று சொன்னார்: சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை அந்த வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது, எதிர் வீட்டுக்காரர்களும் தூங்க வேண்டும்.

கதவைச் சாத்தியதும் புலம்ப ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வெளிச்சம் போனால் செடி என்ன ஆகும்? சுற்றி ஒரு பெட்டி செய்துவிடலாம், உள்ளே எரியட்டும், வெளியே தெரியாது, அட்டை வாங்கிவருகிறேன்...

"அணை மாமா" என்றாள் கலா.

"இல்ல கலா, அணைச்சா..."

"எனக்கும் ரெண்டு மாசமா தூக்கமில்ல. கண்ண மூடினாலும் உள்ள ரோஸ் கலராவே தெரியுது."

"நீ சொல்லவே இல்லியே."

"எனக்காகத்தானே எரிய வுட்டுகினு கீற. அத்த அணைன்னு எப்படி சொல்றது?"

ஆறு மணிக்கு நானே அணைத்தேன். கை கொஞ்சம் தயங்கியது. ஜன்னல் பக்கம் குளிர் அடிக்கிறது என்று, அவள் அம்மா கொடுத்துவிட்ட தடித்த போர்வையை எடுத்து, கலா செடியை முழுக்கப் போர்த்திவிட்டாள். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்வரை அவள் தூங்கினாள்.

6

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலையில் போர்வையை எடுத்து சுவிட்சைப் போடுவது நான், சாயங்காலம் அணைத்துப் போர்த்துவது கலா. செடி வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை.

டிசம்பரில் ஒருநாள் நான் ஆலையில் இருக்கும்போது கலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கொடியின் நுனியில் அரிசி அரிசியாக ஏதோ. நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்த செய்தி: "பூ மாமா."

அன்று மதிய இடைவேளையில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எங்கள் நாட்டு அனபகாய் பூப்பதற்கு வெளிச்சம் மட்டும் போதாது, நீளமான இருட்டும் வேண்டுமாம். அதனால்தான் அது ஊரில் பனி மாதத்தில் பூக்கிறது. ராத்திரி வெளிச்சம் பட்டால் இன்னும் காலம் வரவில்லை என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். ஊரில் இருந்திருந்தால் ஒரு செலவும் இல்லாமல் வந்திருக்கும் இருட்டை, நான் கம்ப்யூட்டர் காற்றாடி எல்லாம் வைத்துத் தடுத்திருக்கிறேன்.

படித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வயல் ஞாபகம் வந்தது. ரோட்டோரம் பஞ்சாயத்தில் பெரிய விளக்குக் கம்பம் நட்ட வருடத்திலிருந்து, கம்பத்தின் கீழே இருக்கும் மூலையில் மட்டும் அனபச் செடி இலையாகவே நிற்கும். ரோட்டில் போகிறவர்கள் கண் என்று நைனா அந்த மூலையில் வருடம் தவறாமல் பூசணிக்காய் உடைப்பார். கருப்புச் சட்டியில் புள்ளி வைத்துக் கவிழ்ப்பார். நானும் டிப்ளமா படித்துக்கொண்டே அந்தச் சட்டிக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

நைனாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அந்த மூலைல பூ வெக்காததுக்குக் காரணம் வேற நைனா."

"அப்போ அது கண்ணு இல்லியா?"

"இல்ல நைனா. லைட்டு."

"அத்தினி பூசணிக்காயும் வேஸ்ட்டாடா?" அப்புறம் அவரே சிரிக்க ஆரம்பித்தார். "போவட்டும். அந்த மூலைல ஆமணக்கு வெச்சிடறேன். லைட்ட அணைக்கச் சொன்னா ஊர்ல என்னத்தான் அடிக்க வருவாங்க."

7

சங்கராந்தி வந்தது. கொடியில் காய்கள் இருந்தன, ஆனால் தட்டையாக. குழம்புக்கு ஆகாது. பந்தயப்படி நான் தோற்றுவிட்டேன். சாக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. பொங்கல் வைத்துச் சாப்பிட்ட பிறகு நானே கேட்டேன்: "டிக்கெட்டு பாக்கட்டுமா கலா?"

அவள் ஒரு காயை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜா வெளிச்சத்தில் உள்ளே பொட்டுப் பொட்டாகக் கொட்டை பிடித்திருப்பது தெரிந்தது.

"காய் நிக்கறப்போ எவனாவது ஊருக்குப் போவானா?" என்றாள்.

அடுத்த பத்துப் பதினைந்து நாளில் கொட்டை முட்டிக்கொண்டு நின்றது. கலாதான் பறித்தாள். பறித்த விரலை என் மூக்கிடம் நீட்டினாள். அந்தப் பிசுபிசுப்பு, அந்த வாசனை. உரித்து, ஊறவைத்து, பிதுக்கி எடுத்தால் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. கத்தரிக்காய் போட்டு நிரவிக்கொண்டாள். இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு வந்தது. யூக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல நாம துன்னலாம்" என்றாள்.

தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இப்போ போடு மாமா டிக்கெட்டு. மார்ச்சுல. அம்மாவப் பாத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வருமோ என்றிருந்தது. தேதி போடும் இடத்தில் நான் தயங்குவதைப் பார்த்து, அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாத்துகினு கீற? போறதுக்கும் வர்றதுக்கும் சேத்துப் போடு."

ஆக, பெரியப்பா மகனே, விஷயம் இவ்வளவுதான். ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடு. கலா ஏப்ரல் கடைசியில் திரும்பி வருகிறாள். கிளம்பும் முன் புதிதாக நான்கு கொட்டை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறாள். அவை முளைத்து நாலு இலை விட்டிருக்கின்றன. இங்கே இப்போது வெளிச்சம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. கோடையில் ராத்திரியே இருக்காது. செடிக்கு வேண்டிய ராத்திரியை இனிமேல் நாங்கள்தான் செய்து கொடுக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நகரியிலிருந்து கலாவின் செய்தி வந்தது. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

"அங்க மணி ஆறு ஆச்சே. அணைச்சியா? போர்த்தினியா?"

எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "ஆச்சு" என்று பதில் அனுப்பினேன்.